கழுவாத கருவியின் கணக்கை நாம் ஏற்க மாட்டோம்

கொழுந்து நிறுக்கும் தராசை நம்மில் எவரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாக்கை வைக்கிறோம். ஒரு கிலோ குறைந்தால் அது சம்பளத்தில் குறையும் என்பது நமக்குத் தெரியும். சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று எத்தனையோ கொழுந்து மடுவங்களில் எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறோம். கடைத்தெருத் தராசைக்கூட அவ்வப்போது சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அது.

இறப்பர் தோட்டத்துத் தோழர்களுக்கும் இது புதிதல்ல. வாளியில் கொண்டுவந்த பாலில் எவ்வளவு இறப்பர் இருக்கிறது என்று பார்க்க 'மெட்ரோலாக்' கருவியை மிதக்க விடுகிறார்கள். அதை ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் அலச வேண்டும். அலசாவிட்டால் பால் அதன்மேல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் அது காட்டுவது கோணல் கணக்கு. அந்தக் கோணல் யாருடைய கூலியில் போய் விழும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு விழிப்பாக இருக்கும் நாம், நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரை அளக்கும் கருவியைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "தண்ணீரைச் சோதித்தாயிற்று, நல்ல தண்ணீர்தான்" என்று ஒரு தாளைக் காட்டினால் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். எந்தக் கருவியால் சோதித்தார்கள், அதைக் கடைசியாகக் கழுவியது எப்போது, எதை வைத்து அதைச் சரிபார்த்தார்கள் என்று கேட்பதில்லை. இனி கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. கருவியைக் கழுவுவதும் அளவு திருத்துவதும் ஒரு வேலை. அந்த வேலைக்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், பேர் விழ வேண்டும். அதன் பதிவேடு தண்ணீர் குடிப்பவர்களின் கண்முன் இருக்க வேண்டும்.

மேலே ஒரு தண்ணீர், கீழே ஒரு தண்ணீர்

எம்பிலிப்பிட்டிய இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. மேலே பலாங்கொடை, ரக்வானைப் பக்கத்து மலைகளில் தேயிலையும் மழையும். கீழே இறங்க இறங்கக் காற்று சூடேறி, எம்பிலிப்பிட்டியவில் வரண்ட வலயம் வந்துவிடுகிறது. மலையில் பிறக்கும் பெலிஹுல் ஓயா, வெலி ஓயா, ரக்வானை கங்கை எல்லாம் வளவை கங்கையோடு சேர்ந்து கீழே போகின்றன. வழியில் சமனலவெவ நீர்த்தேக்கம். அதற்கும் கீழே 1968இல் கட்டி முடிக்கப்பட்ட உடவளவை நீர்த்தேக்கம். நம் மலைப் பீலியில் வழியும் தண்ணீரும் எம்பிலிப்பிட்டிய வயலுக்குப் பாயும் தண்ணீரும் ஒரே ஆற்றின் தலையும் வாலும்தான். ஆனால் இரண்டு இடத்திலும் குடிதண்ணீரின் கோளாறு ஒன்றல்ல.

மேலே உள்ள ஊற்றுத் தண்ணீரில் உப்புக் குறைவு. பல இடங்களில் சற்றுப் புளிப்புத் தன்மையும் உண்டு. மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் செந்நிறமாகிவிடும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் தாக்கியதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் தண்ணீரின் கலங்கல்தான் முதல் எதிரி. கிருமிகள் சேற்றுத் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். போடுகிற குளோரினைச் சேறே குடித்துவிடும். வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் லயத்துக்கு வரும் வழி இது.

கீழே நிலைமை வேறு. கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கும். அதோடு பாறையிலிருந்து கரைந்து வரும் புளோரைட்டும் சேர்ந்துகொள்கிறது. உடவளவைப் பகுதிப் பாடசாலைப் பிள்ளைகளின் பல்லில் காணும் வெள்ளை, கபிலக் கறைகளையும் அவர்கள் குடிக்கும் தண்ணீரையும் இணைத்துப் பார்த்த ஆய்வுகள் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே வெளிவந்தன. குடிதண்ணீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட் இருக்கக்கூடாது என்பது இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614 சொல்லும் எல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 1.5. நம்முடையது வெப்பமான நாடு, நாம் அதிகம் தண்ணீர் குடிக்கிறோம், ஆகவே நம் எல்லை இறுக்கமாக இருப்பது நியாயமே. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும்.

கலங்கலைக் கண்ணால் பார்க்கலாம். புளோரைட்டைக் கண்ணாலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. பல் கறைபட்ட பிறகு தெரிந்து பயனில்லை, பால் பல் விழுந்து முளைக்கவேண்டிய பல் ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே சேதம் நடந்துவிடும். ஆகவே கருவி சொல்வதை நம்பியே இருக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் கருவி யோக்கியமாக இருக்கிறதா என்று பார்ப்பது நமது கடமை.

செத்த கருவி நல்ல செய்திதான் சொல்லும்

தண்ணீரின் தரம் பார்க்கும் கருவிகளின் நுனியில் 'சென்சர்' எனப்படும் உணரி இருக்கிறது. தண்ணீரில் படுவது அதுதான். நாம் சந்திப்பவை பெரும்பாலும் நான்கு வகை.

பி.எச். உணரியின் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. தண்ணீர் புளிப்பா காரமா என்பதை அது மிகச் சிறிய மின்னழுத்தமாக உணரும். 7 என்றால் நடுநிலை. குடிதண்ணீருக்கு 6.5 முதல் 8.5 வரை என்பது நம் நாட்டுத் தரம். கலங்கல் கருவி, தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சித் துகள்களில் பட்டுப் பக்கவாட்டில் சிதறும் ஒளியை அளக்கிறது. இதன் அலகு என்.ரி.யு., நம் தரத்தின் எல்லை 2. குளோரின் சோதனையில் ஒரு மருந்தைப் போட்டு, தண்ணீர் எவ்வளவு இளஞ்சிவப்பாகிறது என்று பார்க்கிறார்கள். மின்கடத்துதிறன் கருவி, தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் குறிப்பாகச் சொல்கிறது. புளோரைட்டுக்கென்று தனியான உணரி உண்டு, அது பெரும்பாலும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கும்.

இவை எல்லாமே நாளாக ஆக அழுக்காகும், வயதாகும். மலைத் தண்ணீரில் வைத்த உணரியில் வழுவழுப்பான பாசிப்படலம் பிடிக்கும். வரண்ட வலயத்துத் தண்ணீரில் வைத்தால், கேத்தலில் பிடிக்கும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு உணரியிலும் பிடிக்கும். கலங்கல் கருவியின் சிறு கண்ணாடிக் குப்பியில் விரல் ரேகை பட்டாலும், கீறல் விழுந்தாலும், வெளியே பனித்தாலும் எண் மாறிவிடும். குளோரின் மருந்துப் பொதிக்குக் காலாவதித் திகதி உண்டு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாங்கியில் குளோரின் மிக அதிகமாகக் கொட்டப்பட்டிருந்தால், அந்தக் குளோரினே இளஞ்சிவப்பு நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். சோதிப்பவர் "குளோரினே இல்லை" என்று எண்ணி இன்னும் கொட்டக்கூடும்.

நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது பி.எச். கருவியை. அதன் கண்ணாடிக் குமிழ் உடைந்து வெடித்துவிட்டால், கருவி அணைந்துபோகாது. பெரும்பாலும் எதில் வைத்தாலும் 7க்கு அருகிலேயே காட்டிக்கொண்டிருக்கும். பீலித் தண்ணீரிலும் 7, தேநீரிலும் 7, தேசிக்காய்ச் சாற்றிலும் 7. குடிதண்ணீருக்கு 7 மிக நல்ல எண். ஆகவே அதைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கும் மகிழ்ச்சி, நிர்வாகத்துக்கும் மகிழ்ச்சி. மாதம் தவறாமல் ஒரே எண் எழுதப்பட்ட ஏட்டைப் பார்த்தால் நாம் சந்தேகப்பட வேண்டும். மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் தண்ணீர் ஒரே மாதிரி இராது.

இதைச் சோதிக்க விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு தேசிக்காயைப் பிழிந்து அதில் கருவியை வைக்கச் சொல்லுங்கள். எண் 2, 3 என்று சரிந்தால் கருவிக்கு உயிர் இருக்கிறது. 7ஐ விட்டு அசையாவிட்டால் அது செத்த கருவி. இந்தச் சோதனை அளவு திருத்தலுக்கு ஈடாகாது. ஆனால் கேள்வி கேட்கத் தொடங்க இது போதும்.

முதலில் எழுது, பிறகு கழுவு, கடைசியில் திருத்து

வேலையின் ஒழுங்கு முக்கியம். ஒழுங்கு மாறினால் செய்த வேலை வீண்.

முதலில், அழுக்கோடு இருக்கும் கருவி என்ன காட்டுகிறது என்பதை அப்படியே எழுத வேண்டும். பிறகு கழுவ வேண்டும். பாசிக்கு மிதமான சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும். சுண்ணாம்புக்கு வினாகிரி போன்ற மென்மையான அமிலம், அதற்குக் கையுறையும் கண்ணாடியும் அவசியம். கண்ணாடிக் குமிழைத் துணியால் தேய்க்கக்கூடாது, மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். கழுவிய பிறகு அதே தண்ணீரில் வைத்து, இப்போது என்ன காட்டுகிறது என்று மீண்டும் எழுத வேண்டும்.

அதன் பிறகே அளவு திருத்தம். 'கலிபிரேஷன்' என்று காரியாலயத்தில் சொல்வது இதைத்தான். தராசுக்குப் படிக்கல் இருப்பது போல பி.எச். கருவிக்கும் படிக்கல் உண்டு. சரியாக 7, சரியாக 4, சரியாக 10 என்று தயாரிக்கப்பட்ட திரவங்கள் அவை. முதலில் 7இல் வைத்துத் திருத்துவார்கள். பிறகு தண்ணீர் புளிப்புப் பக்கமானால் 4, காரப் பக்கமானால் 10. ஒரு படிக்கல்லை மட்டும் வைத்துத் தராசைச் சரிபார்த்தால் எப்படிப் போதாதோ, அப்படியே ஒரு திரவத்தை மட்டும் வைத்துத் திருத்துவதும் போதாது. பயன்படுத்திய திரவத்தைப் போத்தலுக்குள் திருப்பி ஊற்றக்கூடாது. போத்தலில் காலாவதித் திகதி இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் உணரியை அதற்குரிய உப்புக் கரைசலில் வைத்து மூடவேண்டும். காய விட்டால் கெட்டுப்போகும். வடித்த நீரில் ஊற விட்டாலும் கெட்டுப்போகும்.

கழுவாமல் அளவு திருத்தினால் என்ன நடக்கும்? கருவியின் அழுக்கே அதன் நியாயமாகிவிடும். அழுக்கு ஒட்டிய தட்டோடு தராசைப் பூச்சியத்துக்குத் திருத்தி வைத்தது போலத்தான். பிறகு அந்த அழுக்கு எப்போதாவது கழன்று விழுந்தால், அதற்கு அடுத்த எண்கள் எல்லாம் மறுபக்கம் பிழையாகும்.

கழுவுவதற்கு முன் எழுதிய எண்ணையும் பின் எழுதிய எண்ணையும் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கடந்த மாதம் முழுக்கக் கருவி எவ்வளவு பொய் சொன்னது என்பதற்குச் சாட்சி. கழுவிவிட்டு நல்ல எண்ணை மட்டும் எழுதினால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கழுவும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை போதாமல் வாரம் ஒரு தடவை தேவைப்படலாம். அதைத் தீர்மானிப்பது காரியாலயத்து மேசையல்ல, அந்த இரண்டு எண்கள்தான்.

வோக்கர்ட்டனில் இறந்த ஏழு பேர்

இந்த எண்களைப் பொய்யாக எழுதினால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவில் ஒரு பாடம் இருக்கிறது. நம் நாட்டுத் தமிழர் பெருமளவில் குடியேறிய ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கர்ட்டன் என்று ஒரு சிறு ஊர். மக்கள் தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு. 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பெருமழை பெய்தது. மாட்டுச் சாணத்தின் கிருமிகள் ஊருக்குத் தண்ணீர் தரும் ஒரு கிணற்றுக்குள் போய்ச் சேர்ந்தன. ஏழு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 2,300 பேர் நோயுற்றார்கள்.

நீதிபதி டெனிஸ் ஓ'கொனர் தலைமையில் விசாரணை நடந்தது. தண்ணீரில் மிஞ்சியுள்ள குளோரினை நாள்தோறும் அளக்க வேண்டிய ஊழியர்கள் பல நாட்கள் அளக்காமலேயே 0.5, 0.75 என்று எழுதி வந்தது தெரியவந்தது. அந்தக் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கும் கருவிகள் இருந்திருந்தால் இந்த நோய்ப்பரவலைத் தடுத்திருக்கலாம் என்று விசாரணை சொன்னது.

பத்திரிகைகள் ஊழியர்களின் பொய்யையே பெரிதாக எழுதின. பொய் எழுதியதை நாமும் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் அந்த அறிக்கை அதோடு நிற்கவில்லை. அந்த ஊழியர்கள் பரீட்சையும் முறையான பயிற்சியும் இல்லாமல், அனுபவத்தை மட்டும் வைத்துச் சான்றிதழ் பெற்றவர்கள். அரசாங்கம் செலவைக் குறைத்து, 1996இல் ஊர்களின் தண்ணீரைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வுகூடச் சேவையைத் தனியாருக்கு விட்டிருந்தது. சோதித்த தனியார் ஆய்வுகூடம் ஆபத்தான முடிவைச் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்கவில்லை, அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயச் சட்டமும் அப்போது இல்லை. செலவுக் குறைப்பின் பங்கையும் அறிக்கை பதிவு செய்தது.

இதில் நமக்கான பாடம் இரண்டு. பயிற்சியும் நேரமும் கொடுக்காமல் ஒருவரிடம் ஏட்டை மட்டும் கொடுத்தால், ஏடு நிரம்பும், தண்ணீர் சுத்தமாகாது. விபத்து நடந்த பிறகு குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்கப்போவது ஏட்டை நிரப்பிய தொழிலாளியே. தோட்டத்துத் தண்ணீர்க்காரரைப் பாதுகாக்க வேண்டுமானால், அவருக்கு உண்மையை எழுதும் வசதியையும் உண்மையை எழுதியதற்குத் தண்டனை இல்லை என்ற உறுதியையும் இன்றே வாங்கித் தர வேண்டும்.

எண் கையில் இல்லாதவன் வாதம் எடுபடாது

நம் நாட்டிலும் ஒரு பி.எச். எண்ணைச் சுற்றி இரத்தம் சிந்தியிருக்கிறது. கம்பஹா மாவட்டம் வெலிவேரிய ரதுபஸ்வலவில், கிணற்றுத் தண்ணீரின் பி.எச். குறைந்துவிட்டது, அருகிலுள்ள தொழிற்சாலைதான் காரணம் என்று மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி இராணுவம் சுட்டது. மூன்று இளைஞர்கள் உயிரிழந்தார்கள். காரணம் தொழிற்சாலையா, அந்தப் பகுதி மண்ணின் இயல்பா என்ற வாதம் பிறகும் நடந்தது.

அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டை எந்தப் பதிவேடும் நியாயப்படுத்தாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகக் கழுவி, அளவு திருத்திய கருவியால் எடுத்த எண்கள் ஊர்மக்கள் கையிலேயே இருந்திருந்தால், தண்ணீர் எப்போது மாறத் தொடங்கியது என்பதை யாரும் மறுக்க முடிந்திருக்காது என்பது எமது எண்ணம். தொழிற்சங்கக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயமே. பேச்சுவார்த்தை மேசையில் சம்பளத் துண்டையும் செக்ரோல் பிரதியையும் வைத்தவன் வாதம் எடுபடுகிறது. வெறும் வாய்ப்பேச்சு எடுபடுவதில்லை.

சொல்லப்போகும் பதில்கள்

"லயத்துக்குக் குழாயே ஒழுங்காக வரவில்லை, இதில் கருவியைப் பற்றி என்ன பேச்சு?" என்று நம்மவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாதுகாப்பான குழாய்த் தண்ணீர்க் கோரிக்கையை நாம் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் புதிய தாங்கி, புதிய குழாய் என்று எந்தத் திட்டம் வந்தாலும் அது திறப்பு விழாவோடு முடிந்துவிடக்கூடாது. திறந்த நாளில் கருவியோடு படம் எடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கருவி அலுமாரிக்குள் பற்றரி கசிந்து கிடந்தால் அந்தத் திட்டத்தால் நமக்கு என்ன பயன்?

"அது நீர் வழங்கல் சபையின் வேலை" என்று நிர்வாகம் சொல்லும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாயில் வரும் தண்ணீருக்குச் சபை பொறுப்பு. தோட்டத்தின் ஊற்றிலிருந்து தோட்டத்தின் தாங்கிக்கு வரும் தண்ணீருக்கு அந்தப் பதில் பொருந்தாது. "செலவு அதிகம்" என்பார்கள். மாதத்துக்குச் சில மணி நேர வேலை, சில போத்தல் திரவம், ஒரு மென்தூரிகை. ஒரு லயத்தில் வயிற்றோட்டம் வந்து பத்துப் பேர் வேலைக்கு இறங்காத நாளின் நட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

நாமும் ஒன்றில் தெளிவாக இருக்க வேண்டும். இந்தக் கருவிகள் கிருமியைக் காட்டாது. தேயிலைக்கு அடிக்கும் களைகொல்லியையும் காட்டாது. அவற்றுக்குத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஆகவே "மீற்றரில் பார்த்தோம், எல்லாம் சரி" என்ற பேச்சை முழுமையான பதிலாக ஏற்கக்கூடாது. கருவி காவல்நாய் போன்றது. குரைத்தால் எழுந்து பார்க்க வேண்டும். குரைக்கவில்லை என்பதற்காகக் கதவைத் திறந்து போட முடியாது.

நாம் கேட்பது

1. தண்ணீர்த் தாங்கி உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் கருவிக்குப் பொறுப்பாக ஒருவரும் அவருக்கு மாற்றாக இன்னொருவரும் நியமிக்கப்பட வேண்டும். அந்த வேலை நாளுக்கு முழுப் பேர் விழ வேண்டும். இருக்கிற வேலையோடு சும்மா சேர்த்துக் கட்டிவிடக்கூடாது.

2. அவர்களுக்குத் தமிழில் பயிற்சி. செய்முறைத் தாளும் தமிழில். நீர் வழங்கல் சபையும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

3. திகதி கடக்காத அளவுதிருத்தத் திரவம், மென்தூரிகை, வடித்த நீர், மாற்று உணரி, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றை நிர்வாகம் வழங்க வேண்டும்.

4. கழுவுமுன் எண், கழுவியபின் எண், அளவு திருத்திய திகதி என்று மூன்று நிரல்கள் கொண்ட பதிவேடு கொழுந்து மடுவத்திலோ பிள்ளை மடுவத்திலோ எல்லோரும் பார்க்கத் தொங்க வேண்டும். அதில் மாதர் சங்கத்தின் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். தண்ணீரைச் சுமப்பவர்களும் நோயாளியைப் பராமரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே.

5. மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முன்னிலையில் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் கிருமிச் சோதனை. எம்பிலிப்பிட்டியப் பக்கத்துக் கிணறுகளுக்குப் புளோரைட் சோதனையும் கட்டாயம். முடிவு தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். அந்தக் கிணறுகளில் நம்மோடு சிங்களக் குடும்பங்களும் தண்ணீர் அள்ளுகின்றன. இது அவர்களுக்கும் உரிய கோரிக்கை.

6. மோசமான எண்ணை உண்மையாக எழுதிய தொழிலாளிக்கு எந்தத் தண்டனையும் இல்லை என்று எழுத்தில் உறுதி.

தோட்டக் கமிட்டிகள் இதற்காக மேலிடத்து முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கூட்டத்திலேயே மூன்று கேள்விகளை எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கலாம். நம் தண்ணீரை அளக்கும் கருவி எங்கே? அதைக் கடைசியாகக் கழுவி அளவு திருத்தியவர் யார், எந்தத் திகதியில்? அதன் பதிவேட்டை எங்களுக்கு எப்போது காட்டுவீர்கள்? அரச நிறுவனங்களிடம் உள்ள சோதனை முடிவுகளுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு தாளில் எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுத்தால் போதும். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

கிடைக்கும் பதில்களின் பிரதியைக் கிளைக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதையும் திகதியோடு எழுதி அனுப்புங்கள். மலையிலிருந்து எம்பிலிப்பிட்டிய வரை, ஒரே ஆற்றின் கரையில் எத்தனை கருவிகள் உயிரோடு இருக்கின்றன, எத்தனை செத்துக் கிடக்கின்றன என்ற கணக்கை அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் நாமே எடுத்து மேசையில் வைப்போம்.